வேர் மயக்கும், ஈறு தெளிவிக்கும்: திருவரங்கத்து எழுத்துமரபும் கணினிவழி மொழியறிதலும்

ஆய்வுச்சுருக்கம்

எழுதப்பட்ட ஒரு பகுதி எம்மொழியைச் சார்ந்தது என்பதைப் படிப்போரும் கணினியும் எவ்வாறு அறிகின்றனர் என்பதைத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களின் எழுத்துமரபை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. எழுத்தும் மொழியும் ஒன்றல்ல என்பதை இவ்வூர்களின் கல்வெட்டுகளும் மணிப்பிரவாள உரைகளும் காட்டுகின்றன. மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் பற்றித் தமிழ் இலக்கணிகள் வகுத்த விதிகளும், இன்றைய மொழியறி மென்பொருள்கள் கையாளும் எழுத்துக்கோவைக் கணக்கும் ஒரே அடிப்படையில் இயங்குபவை. கலவை மொழியில் வேர்ச்சொல் மயக்கத்தைத் தர, சொல்லீறே மொழியைத் தெளிவிக்கிறது என்பது எஸ்பெராண்டோவோடு ஒப்பிட்டு நிறுவப்படுகிறது. எழுத்தை மட்டும் கொண்டு மொழியைத் துணியும் முறையால் மின்தரவுத் தொகுப்புகளில் நேரக்கூடிய இழப்பும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மொழியறிதல், மணிப்பிரவாளம், கிரந்தம், மெய்ம்மயக்கம், திருவரங்கம், எஸ்பெராண்டோ, ஒருங்குறி

முன்னுரை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் அமைந்த ஊருக்கு இரண்டு பெயர் வழக்கில் உள்ளன. ஒன்று திருவரங்கம், மற்றொன்று ஸ்ரீரங்கம். இவற்றுள் முன்னதைத் தமிழ்வடிவம் என்றும் பின்னதை வடமொழிச் சார்புடையது என்றும் தமிழறிந்தோர் கண்ட அளவிலேயே கூறிவிடுவர். இத்துணிபுக்கு அகராதி தேவைப்படுவதில்லை. சகரமோ ஸகரமோ மெய்யாய் நின்று ரகரத்தோடு கூடிச் சொல்லின் முதலில் வருதல் தமிழ் இயல்பன்று. ரகரமும் தமிழ்ச்சொல்லுக்கு முதலாகாது. 'ரங்கம்' என்பது அகரம் பெற்று 'அரங்கம்' என நிற்கும்போது தமிழ் ஒலியமைப்புக்கு இயைகிறது. அவ்விரு வடிவங்களுள் எது மூலம் என்பது வேறு வினா. எழுத்துகளின் வரிசையே ஒரு சொல்லின் மொழிச்சார்பைப் படிப்போருக்கு உணர்த்துகிறது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இதே வினாவைக் கடந்த முப்பது ஆண்டுகளாகக் கணினி அறிவியலும் எழுப்பிவருகிறது. ஓர் ஆவணம் தமிழா, தெலுங்கா, இத்தாலியமா, எஸ்பெராண்டோவா என்று துணிந்த பின்னரே அதனைத் தேடவும், மொழிபெயர்க்கவும், தரவுத்தொகுப்பில் சேர்க்கவும் இயலும். எனவே மொழியறிதல் என்பது கணினிவழி மொழியாய்வின் வாயில். அவ்வாயிலில் தவறாகப் பெயரிடப்படும் நூல் உள்ளே சென்றும் கண்ணில் படாது. பெயரிடப்படாத நூல் உள்ளேயே செல்லாது. பல எழுத்தும் பல மொழியும் ஒரே சுவரில் பயின்ற திருவரங்கம் போன்ற ஊரின் ஆவணங்களுக்கு இச்சிக்கல் மிகுதி.

எழுத்தும் மொழியும்: கல்வெட்டுச் சான்றுகள்

திருச்சிராப்பள்ளி மலையின் மேற்குடைவரையான லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மனால் அமைக்கப்பட்டது. அங்குள்ள பாடற்கல்வெட்டுகள் வடமொழியில், பல்லவ கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டவை. ஹூல்ஷ் பதிப்பித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதியில் 1890இல் அவை வெளிவந்தன. இம்மன்னன் பூண்ட விருதுப்பெயர்களுள் வடசொற்களோடு தெலுங்கு, தமிழ்ச் சொற்களும் கலந்துள்ளன. ஆகவே எழுத்து ஒன்றாயிருப்பினும் சொற்கள் பல மொழியைச் சார்ந்தவையாக அமைதல் இப்பகுதியின் எழுத்து வரலாற்றில் தொடக்கத்திலேயே காணப்படும் நிலையாகும்.

திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலில் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுள்ளன. இந்தியத் தொல்லியல் துறை இவற்றைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதியாக 1982இல் வெளியிட்டது. தமிழ், வடமொழி, கன்னடம், தெலுங்கு, மராத்தி, ஒடியா ஆகிய மொழிகளில் இவை அமைந்துள்ளன. சோழர், பாண்டியர், கண்ணனூரிலிருந்து ஆண்ட ஒய்சளர், விசயநகரத்தார், நாயக்கர் என மாறிமாறி வந்த ஆட்சிகளே இப்பன்மைக்குக் காரணம்.

இவற்றுள் மொழியறிதல் நோக்கில் மூன்று வகைகளைப் பிரித்துக் காணலாம். முதலாவது, ஒரு மொழி தனக்குரிய எழுத்தில் அமைவது. கோயில் நிவந்தங்களைக் கூறும் தமிழ்க் கல்வெட்டுகளின் உடற்பகுதி இவ்வகையினது. இரண்டாவது, மொழியும் எழுத்தும் வேறாய் அமைவது. சக ஆண்டு 1293இல், அதாவது 1371-72இல், கோப்பணாரியர் அரங்கனின் திருமேனியை மீண்டும் எழுந்தருளச் செய்த நிகழ்வைக் கூறும் பாடல்கள் வடமொழியில் கிரந்த எழுத்தில் உள்ளன. சடையவர்மன் சுந்தரபாண்டியனின் பொற்பணிகளைப் போற்றும் 13ஆம் நூற்றாண்டு வடமொழிக் கல்வெட்டும் எபிகிராபியா இண்டிகாவில் பதிப்பிக்கப்பட்டுள்ளது. மூன்றாவது, ஒரே வரியில் இரண்டு எழுத்து விரவி வருவது. தமிழ்க் கல்வெட்டின் தொடக்கத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்னும் மங்கலச்சொல் கிரந்தத்தில் நிற்க, அதனை அடுத்து மெய்க்கீர்த்தி தமிழெழுத்தில் தொடர்வது பரவலான வழக்கம். உடற்பகுதியிலும் வடசொல் வருமிடத்தில் கிரந்தம் இடம்பெறுவதுண்டு.

கல்வெட்டைப் படித்த அக்காலத்தார்க்கு இம்மாற்றம் இடையூறாக இருந்திருக்க இயலாது. ஏனெனில் எழுத்து மாறுவதே அவர்களுக்கு ஒரு குறிப்பாகப் பயன்பட்டது. இங்கு வடசொல் தொடங்குகிறது என்பதை எழுத்தின் வடிவம் அறிவித்தது. பிற்காலக் கல்வெட்டியல் ஆண்டறிக்கைகள் இந்நிலையை உணர்ந்தே ஒவ்வொரு கல்வெட்டுக்கும் மொழியையும் எழுத்தையும் தனித்தனியே குறித்தன. இவ்விரு குறிப்பும் ஒன்றையொன்று பதிலீடு செய்ய முடியாதவை என்பது கல்வெட்டறிஞர் நூறாண்டுகளுக்கு மேலாகப் பின்பற்றிவரும் நெறி.

இலக்கணம் வகுத்த அடையாளங்கள்

எழுத்தின் வடிவம் உதவாத இடத்தில் மொழியை எவ்வாறு அறிவது? தமிழ் இலக்கணமரபு இதற்கு விடை தந்துள்ளது. தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுக்கிறது. வடசொல் தனக்கே உரிய எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்பதும் அதன் விதி. எனவே வந்த சொல் தமிழெழுத்தைப் பூண்ட பின்னும் அதன் வரவை இனங்காணும் தேவை இலக்கணிகளுக்கு இருந்தது.

நன்னூல் மொழிமுதலில் வரும் எழுத்துகளை 22 எனக் கணக்கிடுகிறது. உயிர் 12, அவற்றோடு க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்னும் 10 மெய்கள். மொழியிறுதியில் வருவன 24. உயிர் 12, ஞ, ண, ந, ம, ன, ய, ர, ல, வ, ழ, ள ஆகிய 11 மெய், குற்றியலுகரம் 1. இடையில் எந்த மெய்யை எந்த மெய் தொடரும் என்பதை மெய்ம்மயக்க விதிகள் கூறுகின்றன. க, ச, த, ப ஆகிய மெய்கள் தம்மொடு தாமே மயங்கும். ர, ழ ஆகியவை தம்மொடு தாம் மயங்கா.

இவ்விதிகளைக் கொண்டு நோக்கினால் 'பக்தி', 'சப்தம்' ஆகிய சொற்கள் எழுத்தளவிலேயே அயன்மை காட்டுகின்றன. ககரமெய்யைத் தகரமும் பகரமெய்யைத் தகரமும் தொடர்தல் தமிழ் இயல்பன்று. 'பத்தி', 'சத்தம்' என மாறியபின் அவ்வயன்மை மறைகிறது. 'காட்டூர்' என்னும் பெயரிலோ காடு, ஊர் என்னும் இரு சொற்களும் புணருங்கால் டகரம் இரட்டித்து, உடனிலை மெய்ம்மயக்கத்துக்கு இயைந்து, ரகரமெய்யில் முடிகிறது. திருச்சிராப்பள்ளியில் தஞ்சைச் சாலையில் அமைந்த அவ்வூர்ப்பெயரைத் தமிழ் என்று துணிவதற்கு முதலெழுத்து, இடையெழுத்து, ஈற்றெழுத்து மூன்றும் சான்று நிற்கின்றன.

இங்கு வரலாற்று நோக்கில் ஒன்று கருதத்தக்கது. சகரம் அ, ஐ, ஔ ஆகிய உயிர்களோடு சேர்ந்து மொழிமுதலாகாது என்பது தொல்காப்பிய விதி. நன்னூலில் அத்தடை இல்லை. இடைப்பட்ட காலத்தில் அவ்வகைச் சொற்கள் தமிழில் பெருகியமையை இம்மாற்றம் காட்டுகிறது. மொழியின் அடையாளங்கள் காலத்துக்குக் காலம் மாறுபவை. ஒரு காலத்துச் சொற்களைக் கொண்டு வகுத்த அளவுகோல் பிறிதொரு காலத்து நூலை அயலாகக் கருதக்கூடும். மென்பொருள்களுக்கும் இவ்வுண்மை பொருந்துவதைப் பின்னர்க் காணலாம்.

மணிப்பிரவாளம்: கலப்பில் மொழியறிதல்

வீரராசேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் கலப்பு நடையை இருவகையாகப் பிரிக்கிறது. வடவெழுத்து இடையிடையே விரவுவது விரவியல். வடசொல் விரவுவது மணிப்பிரவாளம். எழுத்துக் கலப்பு வேறு, சொற்கலப்பு வேறு என்னும் தெளிவு இப்பகுப்பில் உள்ளது. கேரளத்தில் 14ஆம் நூற்றாண்டில் வடமொழியில் எழுந்த லீலாதிலகமும் நாட்டுமொழியும் வடமொழியும் கூடியதே மணிப்பிரவாளம் என வரையறுக்கிறது. ஆயினும் அங்கு வடமொழி வேற்றுமை உருபோடு முடிந்த சொற்களே கலப்புக்கு உரியனவாகக் கொள்ளப்பட்டன.

திருவரங்கத்தில் வளர்ந்த வைணவ மணிப்பிரவாளம் இதனின் வேறுபட்டது. திருவாய்மொழிக்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் செய்த ஆறாயிரப்படி, நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, நம்பிள்ளை கூறியவற்றை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த ஈடு முப்பத்தாறாயிரப்படி ஆகியன இந்நடையின் பெருநூல்கள். படி என்பது மெய் நீங்கலாக 32 எழுத்துகளைக் கொண்ட அளவு. அக்கணக்கின்படி ஈடு ஏறத்தாழ 11,52,000 எழுத்துகளைக் கொண்ட பேருரை. ஓர் உரையை எழுத்தெண்ணி அளந்து அவ்வெண்ணையே அதன் பெயராகவும் வழங்கிய மரபு இது.

இவ்வுரைகளில் 'ஸ்வரூபத்துக்கு', 'சேஷத்வத்தை', 'பாரதந்திரியத்தாலே', 'அநுஸந்திக்கிறார்' போன்ற அமைப்புகள் பயில்கின்றன. இவற்றின் பகுதி வடமொழி. ஈறோ முற்றிலும் தமிழ். அத்துச் சாரியையும், குவ்வுருபும், ஐயுருபும், ஆலுருபும், நிகழ்கால இடைநிலையும், உயர்திணைப் படர்க்கை விகுதியும் தமிழ் இலக்கணத்தின்படியே வருகின்றன. தொடரமைப்பும் தமிழே. பெயரெச்சமும் வினையெச்சமும் தமக்குரிய இடத்தில் நிற்க, முற்றுவினை தொடரின் இறுதியில் அமைகிறது.

எனவே ஒரு பக்கத்தில் உள்ள வேர்ச்சொற்களை மட்டும் எண்ணிப் பார்ப்பவர் அதனை வடமொழி நூல் என்று கருத இடமுண்டு. ஈறுகளை எண்ணுபவர் அதனைத் தமிழ் என்றே துணிவார். சொற்றொகையால் பெரும்பான்மை பெற்ற மொழியும், தொடரை இயக்கும் மொழியும் வேறாகலாம் என்பதை மணிப்பிரவாளம் காட்டுகிறது. படிப்போர் இதனை உணர்ந்தே இவ்வுரைகளைத் திருவாய்மொழியின் தமிழ் உரைகளாகப் போற்றினர்.

எஸ்பெராண்டோ: ஓர் ஒப்பீடு

வேரும் ஈறும் வெவ்வேறு சான்று பகரும் நிலையை ஐரோப்பியச் சூழலில் எஸ்பெராண்டோ காட்டுகிறது. சாமன்ஹோப் என்பவர் 1887இல் வார்சாவில் வெளியிட்ட இம்மொழியின் வேர்ச்சொற்கள் பெரும்பாலும் இலத்தீனிய, செருமானிய, சிலாவிய மொழிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. எனவே அதன் வேர்களைப் பார்ப்பவர்க்கு அது இத்தாலியமாகவோ ஸ்பானியமாகவோ போர்த்துக்கீசியமாகவோ தோன்றக்கூடும். ஆயின் அதன் ஈறுகள் நெகிழாதவை. பெயர்ச்சொல் 'ஓ' என்றும், பெயரடை 'ஆ' என்றும், வினையடை 'ஏ' என்றும், வினையின் எச்சவடிவம் 'இ' என்றும் முடியும். பன்மைக்கு 'ய்' ஒலியும் செயப்படுபொருளுக்கு 'ன்' ஒலியும் சேரும். நிகழ்காலம் 'ஆஸ்', இறந்தகாலம் 'இஸ்', எதிர்காலம் 'ஓஸ்' என அமையும். 'ஓ', 'ய்', 'ன்' மூன்றும் அடுக்கி ஒரு சொல்லின் இறுதியில் மீண்டும் மீண்டும் வருவது வேறு ஐரோப்பிய மொழியோடு மயங்க இடம் தராத அடையாளம்.

எழுத்தளவிலும் அம்மொழிக்குத் தனி அடையாளம் உண்டு. அதன் 28 எழுத்துகளுள் ஆறு மேற்குறி பெற்றவை. அவற்றுள் ஐந்து கூரைக்குறியையும் ஒன்று பிறைக்குறியையும் ஏற்கின்றன. இவற்றைக் கண்ட அளவில் படிப்போர் மொழியைத் துணிவர். உரோமன் நெடுங்கணக்கின் நான்கு எழுத்துகள் அதில் இடம்பெறுவதில்லை. இல்லாமையும் ஒரு சான்றாகும். ஆனால் தட்டச்சு, கணினி ஆகியவற்றின் வசதிக்குறைவால் மேற்குறிக்கு மாற்றாக வேறோர் எழுத்தை அடுத்து எழுதும் வழக்கம் தோன்றியது. அவ்வாறு எழுதிய பகுதியில் எழுத்தின் அடையாளம் மறைந்துபோக, ஈறுகளும் இணைப்புச்சொற்களுமே துணை நிற்கின்றன.

மணிப்பிரவாளத்தையும் எஸ்பெராண்டோவையும் ஒப்பிடுங்கால் வேற்றுமைகள் பல. ஒன்று சமயச் சூழலில் நூற்றாண்டுகளாக வளர்ந்த நடை. மற்றொன்று ஒருவர் திட்டமிட்டு அமைத்த மொழி. ஆயினும் மொழியறிதல் நோக்கில் இரண்டும் ஒரே உண்மையைக் கூறுகின்றன. வேர்ச்சொல் எல்லைகளைக் கடந்து எளிதில் பெயர்வது. ஈறும் இடைச்சொல்லும் எளிதில் பெயராதவை. ஆகவே பின்னவையே மொழிக்கு உறுதியான சான்றாகின்றன. சிறு பகுதியில் ஈறுகள் மிகச் சிலவே வரும். ஆதலால் தலைப்பு, ஊர்ப்பெயர், ஒற்றைவரி ஆகியவற்றில் மயக்கம் மிகுதல் இரண்டுக்கும் பொது.

கணினி மொழியறியும் முறைகள்

கவ்னர், திரெங்கிள் ஆகிய இருவர் 1994இல் வெளியிட்ட முறை இத்துறையில் முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஒரு மொழியின் மாதிரி உரையை ஒன்று முதல் ஐந்து எழுத்து வரையிலான கோவைகளாகத் துண்டித்து, மிகுதியாக வருவனவற்றை வரிசைப்படுத்துவது அதன் முதற்படி. புதிதாக வந்த உரைக்கும் அவ்வாறே வரிசை அமைத்து, எம்மொழியின் வரிசையோடு அது மிக நெருங்குகிறது என்று அளப்பது அடுத்த படி. ஏறத்தாழ 300 கோவைகளே ஒரு மொழியை இனங்காணப் போதுமானவை என்று அவர்கள் கண்டனர். சொல்லின் முன்னும் பின்னும் வெற்றிடத்தைச் சேர்த்து எண்ணியமையால் முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் தனிச்சான்றாக அமைந்தன.

இம்முறையில் சொல்முதற் கோவை மொழிமுதல் விதியோடும், இடைக்கோவை மெய்ம்மயக்கத்தோடும், சொல்லீற்றுக் கோவை மொழியிறுதி விதியோடும் ஒத்திருத்தல் வெளிப்படை. வேறுபாடு ஒன்றே. இலக்கணி எது வரும், எது வாராது என விதித்தார். கணினி எது எத்தனை முறை வந்தது என எண்ணுகிறது. முன்னது விதி, பின்னது வழக்கின் தொகை.

கூகிள் நிறுவனத்தின் மொழியறி மென்பொருள்களுள் ஒன்று மூன்று வழிகளைக் கையாள்கிறது. கிரேக்கம், தாய் போல ஓர் எழுத்து ஒரே மொழிக்கு உரியதாகக் கொள்ளப்படும் இடத்தில் எழுத்தே மொழியைத் தீர்மானிக்கிறது. சீன எழுத்துக்குத் தனியெழுத்துக் கணக்கும், பிற எழுத்துகளுக்கு நான்கெழுத்துக் கோவைக் கணக்கும் பயன்படுகின்றன. பேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட பாஸ்ட்டெக்ஸ்ட் மாதிரி விக்கிப்பீடியா முதலிய தரவுகளில் பயிற்சி பெற்று, தமிழ், எஸ்பெராண்டோ உள்ளிட்ட 176 மொழிகளைப் பிரித்தறிகிறது.

ஒருங்குறியில் தமிழுக்குத் தனித் தொகுதி உள்ளமையால் தமிழெழுத்தில் அமைந்த உரையைத் தமிழ் என்று கூறுவது மென்பொருளுக்கு மிக எளிது. எஸ்பெராண்டோவுக்கு இவ்வெளிமை இல்லை. நூற்றுக்கணக்கான மொழிகளோடு அது ஒரே எழுத்தைப் பகிர்ந்துகொள்கிறது. ஆனால் இவ்வெளிமையே தமிழுக்குத் தீங்காகவும் முடிகிறது. எழுத்து தமிழாயின் மொழியும் தமிழ், எழுத்து தமிழன்றாயின் மொழியும் தமிழன்று என்னும் துணிபு அதன் விளைவு.

எழுத்து மாறிய தமிழும் தமிழெழுத்தில் பிறமொழியும்

மேற்கூறிய துணிபின் இரு பகுதிகளையும் தமிழ் எழுத்து வரலாறு மறுக்கிறது. தெலுங்கு பேசும் வைணவர்க்காகத் திவ்வியப் பிரபந்தமும் அதன் உரைகளும் தெலுங்கு எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளன. மொழி தமிழ், எழுத்து தெலுங்கு. தமிழ் முசுலிம்கள் காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை ஆகிய இடங்களில் வளர்த்த அரபுத்தமிழ், அரபெழுத்துக்குப் புள்ளிகள் சேர்த்துத் தமிழ் ஒலிகளைக் குறித்தது. 1554இல் லிசுபனில் அச்சான தமிழ்ச் சமய வினாவிடை நூலில் தமிழ் உரோமன் எழுத்தில் அமைந்தது. தமிழெழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 1578இல்தான் கொல்லத்தில் வெளிவந்தது. ஆகவே அச்சுத் தமிழின் வரலாறே அயலெழுத்தில் தொடங்குகிறது.

இன்று கைப்பேசியில் உரோமன் எழுத்தில் எழுதப்படும் தமிழும் இவ்வரிசையில் சேர்வதே. அதில் குறில் நெடில் வேறுபாடும் லகர ளகர வேறுபாடும் பெரும்பாலும் மறைகின்றன. காட்டூர் என்னும் பெயரை உரோமன் எழுத்தில் வழக்கமாக எழுதுங்கால் முதலெழுத்து ககரக் குறிலா நெடிலா என்பது புலப்படாது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஏஐ4பாரத் ஆய்வுக்குழு 2023இல் வெளியிட்ட மொழியறி மாதிரி, 22 இந்திய மொழிகளைத் தத்தம் எழுத்திலும் உரோமன் எழுத்திலும் இனங்காண முயன்றது. தத்தம் எழுத்தில் எய்திய துல்லியத்தைவிட உரோமன் எழுத்தில் எய்திய துல்லியம் மிகக் குறைவு. பயிற்சிக்குரிய தரவின் குறைவும், நெருங்கிய மொழிகள் ஒரே எழுத்தில் ஒத்துத் தோன்றுவதும் காரணங்களாயின.

மறுபுறம், தமிழெழுத்தில் அமைந்தவை யாவும் தமிழல்ல. திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சை, சேலம் முதலிய ஊர்களில் வாழும் சௌராட்டிரர் தம் மொழியைத் தமிழெழுத்திலும் எழுதுகின்றனர். வடமொழித் தோத்திரங்களும் தமிழெழுத்தில் அச்சிடப்படுகின்றன. வருக்க எழுத்துகளை வேறுபடுத்த 2, 3, 4 என்னும் எண்களை எழுத்தின் மேல் இடுவது இவ்விரு வழக்கிலும் உண்டு. ஆறாம் வேற்றுமையின் 'ஸ்ய', நான்காம் வேற்றுமையின் 'ஆய', விசர்க்கத்தைக் குறிக்கும் இரட்டைப்புள்ளி ஆகிய ஈறுகளைக் கண்டு படிப்போர் வடமொழியைத் தெளிவர். எழுத்தை மட்டும் நோக்கும் மென்பொருளுக்கு இவை யாவும் தமிழே.

குறியீட்டாக்கமும் இழப்பும்

மணிப்பிரவாள உரைகளின் ஏடுகளும் பழைய அச்சுகளும் தமிழையும் கிரந்தத்தையும் ஒருங்கே ஆள்கின்றன. கிரந்தத்தை ஒருங்குறியில் சேர்க்கும் முன்மொழிவு 2010இல் தமிழ்நாட்டில் பெரும் விவாதத்தை எழுப்பியது. எகர ஒகரக் குறில்களையும் ழ, ற, ன ஆகிய எழுத்துகளையும் கிரந்தத் தொகுதிக்குள் கொணர்வதைத் தமிழறிஞர் எதிர்த்தனர். தமிழ்நாடு அரசும் ஒன்றிய அரசுக்குத் தன் மறுப்பைத் தெரிவித்தது. 2014இல் வெளியான ஒருங்குறியின் 7.0 பதிப்பில் கிரந்தம் அவ்வெழுத்துகள் இன்றியே இடம்பெற்றது. தமிழின் தனித்தன்மை காக்கப்பட வேண்டும் என்னும் கவலை அவ்வெதிர்ப்பின் அடிப்படை. அதன் விளைவாக ஒரு மணிப்பிரவாளத் தொடரை ஏட்டில் உள்ளவாறே மின்வடிவாக்க விரும்புவோர், ஒரு சொல்லுக்குள்ளேயே பகுதிக்கு ஒரு தொகுதியையும் ஈற்றுக்கு மற்றொரு தொகுதியையும் ஆளவேண்டியுள்ளது.

ஒளிவழி எழுத்துணரி மென்பொருளுக்குப் பக்கத்தின் மொழியை முன்கூட்டியே கூறவேண்டும். தமிழ் என்று கூறின், கிரந்த எழுத்துகளை அது தான் அறிந்த தமிழெழுத்துகளாகப் பிழைபட வாசிக்கும். ண, ய, வ போன்ற சில எழுத்துகள் இரு நெடுங்கணக்கிலும் ஏறத்தாழ ஒரே வடிவின என்பதால் பிழை எங்குத் தொடங்குகிறது என்பதும் எளிதில் புலப்படாது. ஊர்ப்பெயரிலேயே இச்சிக்கலைக் காணலாம். 'ஸ்ரீ' என்னும் கூட்டெழுத்தை ஸகரத்தைக் கொண்டும், 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் அமைக்க இயலும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தோன்றும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் பெயர் கணினிக்கு இரண்டு. ஒன்றைத் தேடுவோர்க்கு மற்றொன்று கிட்டாமற்போகலாம்.

இணையத்திலிருந்து பெருந்தரவு திரட்டும் பணிகளில் மொழியறிதல் சல்லடையாகப் பயன்படுகிறது. 2019இல் வெளியான சிசிநெட் என்னும் திரட்டுமுறை பாஸ்ட்டெக்ஸ்ட் மாதிரியைக் கொண்டு ஒவ்வோர் ஆவணத்துக்கும் மொழியைக் கணித்தது, உறுதியளவு 0.5க்குக் குறைந்தவற்றை நீக்கியது. தெளிவாக ஒரு மொழியைச் சார்ந்த உரை இச்சல்லடையில் நிற்கும். இரு மொழிக்கு இடைப்பட்ட உரை நழுவும். பெருந்தரவுத் தொகுப்புகளின் தரத்தை ஆராய்ந்து 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, 205 தொகுதிகளுள் குறைந்தது 15இல் பயன்படத்தக்க உரையே இல்லை எனக் கண்டது. மொழிப்பெயரைத் தாங்கிய தொகுதிக்குள் அம்மொழி இல்லாமற்போவது நிகழக்கூடியதே என்பதை இது காட்டுகிறது.

திருவரங்கத்து நூல்களைப் பொறுத்தவரை இழப்பு மூவகையில் நேரலாம். கிரந்தத்தில் அமைந்தவை பயிற்சித்தரவில் இடம்பெறாத எழுத்தின் காரணமாகப் புறந்தள்ளப்படலாம். தெலுங்கு எழுத்தில் அமைந்த தமிழுரைகள் தெலுங்கு நூல்களாகப் பெயர்பெறலாம். தமிழெழுத்தில் அமைந்த வடமொழித் தோத்திரங்கள் தமிழ்த் தரவில் கலந்து, தமிழின் சொல்வளம், ஒலியமைப்பு பற்றிய கணக்குகளைத் திரிக்கலாம். முதலிரண்டும் தமிழ் நூல்களைத் தமிழிலிருந்து பிரிப்பவை. மூன்றாவது தமிழல்லாததைத் தமிழாக்குவது. நவீன இதழ்நடையையும் விக்கிப்பீடியாவையும் கொண்டு பயின்ற மாதிரிக்கு 13ஆம் நூற்றாண்டு உரைநடை அயன்மையாகத் தோன்றுதல், தொல்காப்பிய விதியால் நன்னூற் காலத்துச் சொல்லை அளப்பதன் மறுதலை.

நூற்பட்டியற் குறியீடுகளிலும் இந்நிலை உண்டு. ஒரு மனிதரால் அமைக்கப்பட்ட எஸ்பெராண்டோவுக்குப் பன்னாட்டு மொழிக்குறியீட்டு முறையில் தனிக்குறி உள்ளது. மணிப்பிரவாளத்துக்கு அவ்வாறு இல்லை. அது தனிமொழி அன்று, தமிழின் ஒரு நடையே எனக் கொள்ளின் இதில் குறையில்லை. ஆனால் அந்நிலையில் தமிழ் என்னும் குறியீடு அதனை உள்ளடக்கும் அளவுக்கு மென்பொருளின் தமிழறிவும் விரிந்திருத்தல் வேண்டும்.

முடிவுரை

திருவரங்கத்து எழுத்துமரபை ஆராயுங்கால் கீழ்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

எழுத்தைக் கொண்டு மொழியைத் துணிவது தமிழுக்கு எளிதாயினும் உறுதியானதன்று. கல்வெட்டறிஞர் மொழியையும் எழுத்தையும் தனித்தனியே குறித்த நெறியே மின்னாவணங்களுக்கும் ஏற்றது. அக்குறிப்பு நூல் முழுமைக்கும் ஒன்றாக அமையாமல் பக்கத்துக்கும், இயலுமாயின் தொடருக்கும் அமைதல் நன்று. ஏனெனில் கல்வெட்டின் முதற்சொல்லும் அடுத்த சொல்லும் எழுத்தால் வேறுபடுவதுண்டு.

மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்க விதிகள் எழுத்துக்கோவைக் கணக்கின் இலக்கண வடிவங்கள். கலவை நடைக்கு வேற்றுமை உருபு, சாரியை, இடைநிலை, விகுதி ஆகியவற்றுக்கு மிகுந்த மதிப்பளிக்கும் அளவுகோல் தேவை. எஸ்பெராண்டோவை அதன் நெகிழாத ஈறுகளால் அறிவது போலவே மணிப்பிரவாளத்தையும் தமிழ் ஈறுகளால் அறிய இயலும்.

உறுதியளவு குறைந்த ஆவணங்களை நீக்குவதைவிடத் தனியே வைத்து மொழியறிந்தோர் பார்வைக்கு உட்படுத்துவது பொருத்தமானது. எந்திரம் ஐயுறும் இடமே பெரும்பாலும் ஆய்வாளர்க்குரிய இடமாக அமைகிறது. ஏறத்தாழ 11,52,000 எழுத்துகளாக அளந்து காக்கப்பட்ட ஓர் உரை, அதன் வேர்ச்சொற்கள் வடமொழி என்பதாலோ அதன் எழுத்து கிரந்தம் என்பதாலோ தமிழ்த் தரவிலிருந்து விடுபடின், தமிழ் உரைநடை வரலாற்றின் ஒரு பெரும்பகுதி நாளைய ஆய்வாளரின் தேடலுக்கு எட்டாமற்போகும்.